மலைநாட்டுக் கிறவல் பாதைகள்: சைக்கிள் எங்கே நிற்கிறது?

கொழும்பு வீதியும் கற்பிட்டி வீதியும் சந்திக்கும் பாலாவிச் சந்தியை அறியாதவர் எம்மில் எவரும் இல்லை. உப்பு லொறி, மரக்கறி லொறி, கற்பிட்டிக் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வான் எல்லாம் இச்சந்தியைக் கடந்தே போகின்றன. தலவில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் யாத்திரிகர் கூட்டமும் இவ்வழியேதான்.

அண்மையில் ஒரு முற்பகல் இச்சந்திக்குச் சமீபமாக உள்ள ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் அமர்ந்திருந்தோம். கடைக்காரர் 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். வெளிநாட்டவர் இருவர் சேறு படிந்த சைக்கிள்களில் வந்து நின்று காற்று அடித்துக்கொண்டு, ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டனர். எங்கே போகிறார்கள் என்று கேட்டோம். குருநாகல் வழியாகக் கண்டிக்கு; அங்கிருந்து மலைநாட்டின் தோட்டத்து வீதிகளுக்கு என்றனர்.

அவர்கள் மறைந்த பின் கடைக்காரர் எம்மிடம் கேட்டார்: “தம்பி, காபட் போட்ட நல்ல றோட்டு கிடக்குது. அதை விட்டுப்போட்டு இவங்க ஏன் மலையில கல்லு றோட்டுத் தேடிப் போறாங்க? நாங்க எங்கட கிறவல் றோட்டுக்குத் தார் போடச் சொல்லி எத்தனை வருஷமா மனுக் குடுக்கிறோம்!”

“நானா, நீங்கள் கேட்டதற்கு விடை தேடி ஒரு கட்டுரையே எழுதலாம்” என்றோம். அதுவே இக்கட்டுரையாகும்.

கிறவலைத் தேடி வருவோர்

சைக்கிள் நமக்குப் புதிதல்ல. 1990களில் வடக்கில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் நோயாளியையும் நெல் மூடையையும் விறகையும் சுமந்தது சைக்கிளே. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனையோ குடும்பங்களின் முழு வீடும் ஒரு சைக்கிள் கரியரில் கட்டப்பட்டிருந்தது. பாரத்தைத் தாழ்வாகக் கட்ட வேண்டும், மணலில் இறங்கித் தள்ள வேண்டும், மழையில் செம்மண் சில்லில் ஒட்டினால் குச்சியால் சுரண்ட வேண்டும் என்பவற்றை நாம் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை.

நாம் தேவைக்காக ஓடிய அதே வகைப் பாதையில் இன்று வேறு சிலர் விருப்பத்துக்காக ஓடுகிறார்கள். இதற்கெனத் தனி வகைச் சைக்கிள்களும் உண்டு. பந்தயச் சைக்கிளைப் போல் வளைந்த கைபிடி, ஏறக்குறைய 38 முதல் 50 மில்லிமீற்றர் அகலமுள்ள டயர், செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்கக்கூடிய கியர் ஆகியன இவற்றின் அடையாளங்கள். தார் வீதியில் பஸ்ஸும் லொறியும் விரட்டுகின்றன; காட்டோரக் கிறவல் பாதையிலோ வாகனம் குறைவு, நிழல் அதிகம், வேகமும் குறைவு. அந்த அமைதியைத் தேடியே அவர்கள் வருகிறார்கள்.

இங்குதான் நம் போன்ற கிராமத்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. வானில் வருபவர் கொழும்பில் ஏறி விடுதி வாசலில் இறங்குகிறார். இடையிலுள்ள ஊர்கள் அவருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சி மட்டுமே. மலைப்பாதையில் சைக்கிளில் வருபவர் ஒரு நாளில் 40, 50 கிலோமீற்றர் கடப்பதே பெரும்பாடு. அவருக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும், டயர் குத்துப்படும், மழை பிடிக்கும், இருட்டும். ஆகவே அவர் ஊருக்கு ஊர் நின்றே ஆகவேண்டும். அவர் நிற்கும் இடம் எவருடையதோ, வருமானமும் அவருடையதே.

தேயிலை சுமந்த பாதை

எமது நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெக்கோ பாதை என்று பெயரிடப்பட்ட நெடும்பாதை 2023இல் மலைநாட்டில் திறந்துவைக்கப்பட்டது. பெக்கோ என்பது தேயிலைத் தூளின் ஒரு தரத்தின் பெயர். கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல, பதுளை எனச் சுற்றி, நுவரெலியாவுக்கு அருகிலுள்ள பீட்ரு தோட்டத்தில் இது முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 பகுதிகள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமும் இதற்கு நிதி உதவின.

இதில் குறிப்பிடத்தக்க விடயம் என்னவெனில், இதற்காகப் புதிதாகப் பெரிய வீதி எதுவும் வெட்டப்படவில்லை. தோட்டத்து வீதிகளும் கிராமத்து ஒற்றையடிப் பாதைகளும் காட்டோர வழிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, வழிகாட்டும் அடையாளங்கள் நடப்பட்டன, அவ்வளவுதான். முதன்மையாக இது நடப்போருக்கான பாதை. எனினும் தோட்டத்து வீதிகள் செல்லும் பகுதிகளில் சைக்கிளிலும் போகலாம். தேயிலையையும் பொருட்களையும் ஏற்றி இறக்குவதற்காக வெட்டப்பட்ட வீதிகளாதலால் அவை மலையை நேரே ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றி மெல்ல மெல்ல ஏறுகின்றன. சைக்கிள்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் வரும் இடங்களில் மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்க நேரிடும்.

பாதையை வெட்டியவர்கள்

இப்பாதைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் கரையோரத்தையும் தொட்டுச் செல்வது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கிய கூலித் தொழிலாளர், வன்னிக் காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலைக்கு ஏறினர். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தவர் ஏராளம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. படிப்படியாகக் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. காட்டை வெட்டியவரும், கல்லை உடைத்தவரும், இன்று சைக்கிள் ஓடும் அந்த வீதிகளை அமைத்தவரும் அத்தொழிலாளரே.

பாதை அவர்களது உழைப்பு. ஆனால் பாதையோரத்து நிலம்? தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் இருப்பது. பல தலைமுறையாக வாழும் லயன் அறைக்கும் பெரும்பாலான குடும்பங்களிடம் உறுதி கிடையாது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வாசலால் போகும் பயணிக்கு ஒரு நேர உணவும் இரண்டு கோப்பைத் தேநீரும் கொடுத்தாலே அதில் ஒரு பங்கு கிடைத்துவிடும். ஆயினும் தன் பெயரில் நிலமில்லாதவர் ஒரு சிறு கடைக்குக் கொட்டில் போடுவதற்கும் பிறரது அனுமதியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கியில் கடன் கேட்டால் பிணை கேட்பார்கள். வெளியிலிருந்து பணத்துடன் வருபவர் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து விடுதி ஆக்கிவிடுவார். கொழுந்து பறிக்கும் பெண்ணோ அவரது விருந்தினரின் புகைப்படத்தில் மட்டும் இருப்பார்.

உறுதி இல்லாத காணியில் இருப்பது எப்படிப்பட்டது என்று பாலாவியில் உள்ளவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சொந்த ஊர்க் காணிக்குரிய பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தவரும், இங்கே முகாமாகத் தொடங்கிய இடத்தில் ஆண்டுக்கணக்கில் பத்திரமின்றி இருந்தவரும் நம்மிடையே உள்ளனர்.

மீமுரேயின் வீடுகள்

இன்னொரு மலைப்பக்கத்தைப் பார்ப்போம். கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். விரல் மடக்கிய கையின் மொளிகளைப் போல் சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் இது. சிங்கள மக்கள் தும்பறை மலை என்பர். 2000ஆம் ஆண்டு இது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றுடன் உலக மரபுரிமை இடமாக யுனெஸ்கோவால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை கடந்து, கோர்பெட்ஸ் கணவாயில் ஏறி இறங்கினால் மீமுரே என்னும் சிறு சிங்களக் கிராமம் வரும். வயலும் மிளகுக் கொடியும் கித்துள் மரமும் உள்ள ஊர். நீண்ட காலம் வெளியுலகத்தோடு தொடர்பு குறைந்திருந்தது. பெருமரங்களின் நிழலில் ஏலம் பயிரிடுவது இம்மலைப்பக்கத்து மக்களின் பழைய வருமானம். அந்தச் செய்கை காட்டின் அடித்தளத்தைக் கெடுக்கிறது என்று தடுக்கப்பட்டபோது பல குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. காட்டைக் காப்பது நல்லதே. ஆனால் அதன் செலவை ஏழை விவசாயி தனியே சுமக்க நேர்ந்தது.

இன்று அவ்வூருக்கு நடந்தும் சைக்கிளிலும் ஜீப்பிலும் பயணிகள் வருகிறார்கள். மீமுரேயில் பல குடும்பங்கள் தமது சொந்த வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்து, தமது வயலில் விளைந்த சோறும் மரக்கறியும் கித்துள் பாணியும் கொடுத்து வருமானம் பெறுகின்றன. வீடும் வயலும் தமது என்பதால் அவர்களால் எவரையும் கேளாமல் தொடங்க முடிந்தது. தோட்டத்து லயனுக்கும் மீமுரே வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அமெரிக்காவில் ஓர் இடம்பெயர்ந்தோர் ஊர்

உலகில் மிகப் பெயர்பெற்ற மலைச் சைக்கிள் பாதைகளில் ஒன்று அமெரிக்காவின் ரொக்கி மலைத்தொடர் வழியே வடக்குத் தெற்காகச் செல்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஒரு சைக்கிள் சங்கம் வரைபடமாக்கிய இப்பாதை 4,000 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. பெரும்பகுதி காட்டுக் கிறவல் வீதி. அதன் தென்கோடியில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் பை டவுன் என்று ஒரு சிற்றூர் உண்டு. பை என்பது பழம் வைத்துச் சுடும் ஒருவகைப் பணியாரம். 1920களில் உலர்ந்த அப்பிள் வைத்து அதைச் சுட்டு விற்ற ஒருவரால் ஊருக்கு அப்பெயர் வந்தது.

1930களில் அமெரிக்காவில் கடும் வரட்சி ஏற்பட்டுப் புழுதிப் புயல் வயல்களை மூடியபோது, டெக்ஸாஸ், ஒக்லஹோமா மாநிலங்களிலிருந்து நிலமிழந்த விவசாயிகள் பலர் இவ்வூரில் வந்து குடியேறினர். மண்ணைத் தோண்டிக் குடிசை அமைத்து, சோளமும் பயறும் விதைத்து வாழ்ந்த அவர்களை 1940இல் ரசல் லீ என்ற புகைப்படக்காரர் படம்பிடித்தார். பின்னர் ஊர் மெலிந்தது. இன்று அங்கு ஒரு சிலரே வாழ்கின்றனர். ஆயினும் மலைப்பாதையில் வரும் நடைப்பயணிகளும் சைக்கிள்காரர்களும் அங்கே நிற்காமல் போவதில்லை. உண்பதற்கு அதே பணியாரம்; இரவு தங்குவதற்கு ஊரவர் ஒருவர் திறந்துவிட்ட பழைய வீடு. வேலியில் பழைய பாண் வாட்டும் இயந்திரங்கள் தொங்குவதால் அந்த வீட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. மாளிகை விடுதி எதுவும் அங்கே இல்லை. ஒரு தின்பண்டமும் ஒரு கூரையும் ஊரின் பெயரை உலகறியச் செய்திருக்கின்றன.

சைக்கிள்காரர் கேட்பது என்ன?

இத்தகைய பயணி எதிர்பார்ப்பவை சொற்பமே. அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

1. கொதித்தாறிய நீர். மலையில் ஓடை நீர் தெளிவாகத் தோன்றினாலும் மேலே தோட்டமும் மாட்டுப் பட்டியும் இருக்கலாம்.

2. வயிறு நிறைய உணவு. சோறும் பருப்பும், இடியப்பமும் சொதியும், மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் போதும். நாள் முழுதும் மிதிப்பவர் இரண்டு பேரின் சாப்பாடு சாப்பிடுவார்.

3. சுத்தமான மலசலகூடமும் குளிக்க நீரும். பயணிகள் ஓர் இடத்தைப் புகழ்வதும் இகழ்வதும் பெரும்பாலும் இதை வைத்தே.

4. சைக்கிளைப் பூட்டி வைக்கக் கூரையுள்ள இடம், சேற்றைக் கழுவ ஒரு வாளி நீர், செயினுக்கு எண்ணெய்.

5. திருத்த வேலை. அவர்களது டயர் வாய் நம் சைக்கிளின் வாயைப் போன்றதல்ல. ஒல்லியாகவும் நுனியில் சிறு திருகாணியுடனும் இருக்கும். அதற்கெனச் சிறிய பித்தளை இணைப்பி ஒன்று வாங்கி வைத்தால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பாலேயே அடித்துவிடலாம். நம் பெரிய சைக்கிளின் 28 அங்குல டயரில் 635 என்று எழுதியிருக்கும். அவர்களது டயரில் பெரும்பாலும் 622. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் டயர் பொருந்தாது. ஆனால் றியூப்பை அவசரத்துக்குப் போட்டு அனுப்பலாம். சிலரது டயரில் றியூப்பே இராது. ஓட்டையை அடைக்கும் பால் போன்ற திரவம் மட்டும் உள்ளே இருக்கும். தெரியாமல் கழற்றினால் திரவம் கொட்டிவிடும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

நம் பிள்ளைகள் எவராவது மலைப்பாதையில் செல்வதாயின் இதையும் அறிந்திருப்பது நல்லது. கிறவலில் காற்றை மிக இறுக்கமாக அடிக்கக்கூடாது. சற்று இளக்கமாக இருந்தாலே டயர் மண்ணைப் பிடிக்கும். இறக்கத்தில் முன் பிறேக்கைத் திடீரென இறுக்கினால் சில்லு வழுக்கி விழ நேரும். இரண்டையும் மெல்ல மெல்லத் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும். காலமறிந்து போவதும் அவசியம். ஹட்டன், நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. தை பிறந்து பங்குனி வரை அங்கு நல்ல காலம். பதுளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஆனி முதல் ஆவணி வரை வரண்ட காற்று வீசும். வடகீழ்ப் பருவ மழையில் அப்பக்கம் தவிர்க்கப்பட வேண்டும். ஈரக் காலத்தில் அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம் உதவும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் மலைநாடெங்கும் மண் சரிந்து பெரும் உயிரிழப்பும் வீதிச் சேதமும் ஏற்பட்டன. ஆகவே வரைபடத்தை மட்டும் நம்பாமல் அவ்வூரவரிடம் கேட்டே செல்லவேண்டும்.

கடன்பட்டு அறை கட்டலாமா?

கட்டவேண்டாம் என்பதே எமது அறிவுரை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் பயணிகள் வரவில்லை. 2020இல் கொரோனா வந்து விமான நிலையமே மூடப்பட்டது. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. இந்த மூன்று அடியிலும் கடன்பட்டு விடுதி கட்டியவர் நொடிந்தனர். வயலும் தோட்டமும் ஆடு கோழியும் வைத்திருந்து, அதற்கு மேலதிகமாக ஓர் அறையை ஒழுங்கு செய்திருந்தவர்களுக்கோ பசியாற வழியிருந்தது. விருந்தினர் வருமானம் பயிருக்கு ஊடுபயிர் போன்றது. அதை நம்பி முதற்பயிரைக் கைவிடக்கூடாது.

நமது பக்கத்துக்கு வருவோம்

நம்மிடம் மலை இல்லை. களப்பு இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, தென்னந்தோப்புக்கிடையே மணலும் கிறவலுமான ஒழுங்கைகள் இருக்கின்றன. வடக்கே எழுவன்குளத்துக்கு அப்பால் வில்பத்துக் காடு. யானையும் கரடியும் உலவும் அதனுள் எவரையும் சைக்கிளில் அனுப்ப நினைக்கவேண்டாம். ஆனால் காற்றுப் பலகை விளையாட்டுக்காகக் கற்பிட்டிக்கு வருபவர்களில் சிலர், கடைக்காரர் கண்ட அந்த இருவரைப் போல, சைக்கிளில் நம் ஊர்களைக் கடக்கிறார்கள். தலவில் யாத்திரிகருக்கு வழியோரத்தில் உணவும் நீரும் கொடுத்துப் பழகிய கைகள் நம் பெண்களுடையவை. பழக்கம் இருக்கிறது, பாதை இருக்கிறது.

இல்லாதது ஒன்றே. கற்பிட்டியின் பதினான்கு தீவுகளை உள்ளடக்கிப் பெரும் உல்லாசத் திட்டம் வகுக்கப்பட்டபோது அங்குள்ள மீனவ மக்கள் நிலத்துக்கும் கரைக்கும் உள்ள தம் உரிமைக்காகக் குரல் எழுப்ப நேர்ந்தது. பயணிகள் பெருகும் இடத்தில் காணிக்கு விலை ஏறும். விலை ஏறும் காணியில் பத்திரம் இல்லாதவரே முதலில் அசைக்கப்படுவார். எனவே பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன் பத்திரத்தைக் கவனியுங்கள். அனுமதிப்பத்திரம், உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, கிராம அலுவலரின் கடிதம் என எது உங்களிடம் இருக்கிறதோ அதைப் பிரதியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். இல்லாதவர்கள் தனித்தனியே அலையாமல் சங்கமாகச் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள்.

கட்டுரை முடியுமுன் சைக்கிள் கடைக்காரரிடம் மீண்டும் சென்று, அவர்கள் ஏன் கல்லு றோட்டைத் தேடுகிறார்கள் என்று விளக்கினோம். கேட்டுவிட்டுச் சிரித்தார். “சரி தம்பி. அப்ப அந்தப் பித்தளைச் சாமான் ஒண்டு கொழும்புக்குப் போகக்குள்ள வாங்கிட்டு வாங்க. ஆனா எங்கட றோட்டுக்குத் தார் போடுற மனுவையும் விட்டிராதீங்க. பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது நாங்கதானே!”

அவர் சொன்னதும் நியாயமே.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தைக் கடந்து செல்வோர் யார்? அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள்? அந்த இடம் யாருடையது?

2. எமது குடும்பங்களில் எத்தனை பேரிடம் இருக்கும் காணிக்குப் பத்திரம் உண்டு? இல்லாதவர்களுக்காகச் சங்கம் இவ்வாண்டு என்ன செய்யும்?

3. கடன் எதுவும் வாங்காமல், இருக்கும் வீட்டையும் விளைச்சலையும் கொண்டு ஒரு பயணிக்கு நாம் எதைக் கொடுக்கலாம்?

4. எமது இளைஞரில் சைக்கிள் திருத்தம் கற்க விரும்புவோர் யார்? அவர்களுக்குக் கற்பிக்கக்கூடியவர் நம் ஊரிலேயே இருக்கிறாரா?